நாலாம் நம்பர் வில்லை

எனக்குக் கடல் ஆகாது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாணமான புதிதில் போர்ட் டிக்சனுக்குக் கூட்டிப்போனபோதே, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்துவிட்டு, பாதம் நனையாமல் வீடு திரும்பியவள் நான். அப்படிப்பட்டவள் 1992ஆம் வருஷம் ஏப்ரலில் ஒரு மரப்படகில் நாள்கணக்கில் தங்கி, மலாக்கா நீரிணையின் நடுவில் ஜாராக் தீவுக்குப் பக்கத்தில் கிடந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் கணவர் ஒட்டிக்கொடுத்த ஒரு கண்ணாடி.

அவர் பெயர் அண்ணாமலை. பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் லெஸ்லி என்பவர் கடைக்கு வந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, ரயில்வேயிலேயே வேலை பார்ப்பவர். சனி ஞாயிறானால் ஆட்களைக் கடலுக்குள் இறக்கி ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பார். அவருக்குக் கிட்டப்பார்வை. தண்ணீருக்கடியில் மீன்களெல்லாம் கலங்கலாகத் தெரிகின்றன, முகத்தில் மாட்டும் மாஸ்க்கிலேயே பவர் கண்ணாடி ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். இவர் ஒட்டிக்கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். தான் செய்த கண்ணாடி தண்ணீருக்குள் எப்படித் தெரிகிறது என்று தானே பார்க்க வேண்டுமாம். முதலில் நீச்சல் குளத்தில் பார்த்தார், பிறகு தியோமான் தீவில் பார்த்தார், நாற்பத்திரண்டு வயதில் பைத்தியம் முற்றிவிட்டது.

அவர் கடலுக்குப் போகும் நாட்களில் நான் டெலிபோன் பக்கத்திலேயே இருப்பேன். மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். "நீயே ஒரு தடவ வந்து பாரு கோமதி. பார்த்துட்டா பயம் போயிடும்" என்றார். போகும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் தூரத்தில் இருந்து பயப்படுவதைவிடப் பக்கத்தில் இருந்து பயப்படுவது மேல் என்று தோன்றியது. எங்கள் பெண்ணைக் கிள்ளானில் என் அக்கா தனலெட்சுமி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

போர்ட் கிள்ளானில் ஏறினோம். ஒரு காலத்தில் மீன் பிடித்த படகு. மீனுக்கு ஐஸ் போட்டு வைத்த அறையைக் கழுவி, ஆறு கட்டில்களை அடுக்கியிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. அங்கேயே தூக்கம், அங்கேயே சாப்பாடு. விடிந்ததும் கடலில் குதிக்க வேண்டியது, ஏறி வந்து சாப்பிட வேண்டியது, மறுபடியும் குதிக்க வேண்டியது. இதற்கு லைவ்அபோர்ட் என்று பெயராம். எனக்கு அது மிதக்கிற லாக்கப்பாகத்தான் தெரிந்தது.

படகை ஓட்டியவர் பாலன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவர். சமையலுக்கும் எடுபிடிக்கும் பாக் டின் என்ற மலாய்க்காரர். தண்ணீரில் இறங்குபவர்கள் மொத்தம் நாலு பேர். லெஸ்லி, அவர் தங்கை ரோசலின், என் கணவர், அப்புறம் வேலாயுதம். ரோசலின் கிள்ளானில் நர்ஸ். வேலாயுதத்துக்கும் கிள்ளான்தான், அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் கடலுக்கடியில் படமெடுப்பதற்காகவே வருபவர். லெஸ்லியோடு சேர்ந்து போகாமல், நினைத்தபோது தனியாக நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். படகுக்குக் கீழேயே சுற்றிவிட்டு நினைத்தபோது ஏறுவார். என் கணவருக்கு அவரோடு ஒரு ஒட்டுதல். லெஸ்லியோடு இறங்கினாலும், கடைசியில் வேலாயுதத்திடம் போய் அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம்.

படகின் நடுவில் ஒரு பலகை தொங்கியது. இடது பக்கம் 'படகு' என்றும் வலது பக்கம் 'தண்ணீர்' என்றும் எழுதி, இரண்டு பக்கமும் வரிசையாக ஆணி அடித்திருந்தது. ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை. லெஸ்லிக்கு ஒன்று, என் கணவருக்கு இரண்டு, ரோசலினுக்கு மூன்று, வேலாயுதத்துக்கு நான்கு. இறங்கும்போது வில்லையை வலது பக்கம் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறியதும் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முதல் நாளே பாலன் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"அவங்கவங்க டேக்க அவங்கவங்கதான் மாத்தணும். புருசனுக்காகப் பொண்டாட்டி மாத்துறது, தங்கச்சிக்காக அண்ணன் மாத்துறது, அதெல்லாம் இங்க கூடாது. வலது பக்கம் ஒண்ணு தொங்கினாலும் நான் எஞ்சின் எடுக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன். எனக்கு வில்லை கிடையாது என்பதால் எனக்குச் சொன்னதாகவே நினைக்கவில்லை.

இரண்டு நாள் எப்படியோ ஓடிற்று. அவர் இறங்கும்போதெல்லாம் படகின் விளிம்பில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அலை கொஞ்சம் எழும்பினால் குமிழி எது, நுரை எது என்று தெரியாது. தெரியாத அந்த நேரத்தில் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பேன். அவர் தலை வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றிச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பின்மேல் எதையாவது எடுத்து எறிய வேண்டும் போல் கோபம் வரும்.

மூன்றாம் நாள் மதியம் வேலாயுதத்தின் காமிராப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. நனையாத இன்னொரு காமிராவை எடுத்துக்கொண்டு, பாக் டின்னோடு சம்பான் என்ற சின்னத் துடுப்புப் படகில் தீவின் மறுபக்கத்துக்குப் பறவைகளைப் படம் எடுக்கப் போனார். பாக் டின் தூண்டில் போடப் போவதாகப் பாலனிடம் காலையிலேயே சொல்லியிருந்தார். வேலாயுதம் கடைசி நிமிஷத்தில்தான் சம்பானில் ஏறினார். அப்போது பாலன் கீழே எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் படகின் பின்பக்கம், முதுகில் மாட்டும் டேங்குகளுக்குக் காற்று அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

"அண்ணி, நானும் போறேன்னு பாலன் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றார் வேலாயுதம் என்னிடம்.

சரி என்றேன். எனக்குக் காலையிலிருந்து குமட்டல். ரோசலின் கொடுத்த மாத்திரையில் ஒன்று போதாமல் இரண்டாவதையும் விழுங்கியிருந்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம் மறந்துபோனேன்.

மறக்கவைத்தது இதுதான். மூன்று பேரும் ரப்பர் உடுப்போடு விளிம்பில் வந்து உட்கார்ந்தபோது, மூன்று பேர் என்பது எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகமாட்டார்கள். பெண் பார்க்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இரண்டு பேர் போவார்கள், இல்லை நாலு பேர் போவார்கள். மூன்றைத் தவிர்க்க முடியவில்லை என்றால் வாசலில் கிடக்கிற ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கல் நாலாவது ஆள். நான் பிகாம் படித்தவள், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லக்கூடியவள். ஆனால் பெண்ணுக்கு டான்சில் எடுக்கப் போனபோது நாங்கள் மூன்று பேர், என் கைப்பையில் ஒரு கல் இருந்தது. அது இவருக்குத் தெரியாது.

"மூணு பேராவா இறங்குறீங்க?" என்றேன்.

"ஆமா, வேலாயுதத்துக்குத்தான் காமிரா ரிப்பேராச்சே."

"மூணு பேராப் போக வேணாங்க. கையில ஒரு கல்லாவது எடுத்துக்கிட்டுப் போங்க."

"இடுப்புல பன்னெண்டு பவுன்ட் ஈயக்கட்டி கட்டியிருக்கேன் கோமதி. அது பத்தாதா?"

ரோசலின் சிரித்தாள். லெஸ்லி சிரிக்கவில்லை, மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். மூவரும் வில்லைகளை வலது பக்கம் மாட்டிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக முதுகுப் பக்கமாய்ச் சாய்ந்து விழுந்தார்கள். அப்போது மணி மூன்றே முக்கால்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு கல் கிடைக்குமா என்று படகு முழுக்கத் தேடினேன். கடலுக்கு நடுவில் கல்லுக்கு எங்கே போவது? பலகையின் முன்னால் வந்து நின்றேன். வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. இடது பக்கம் நாலு மட்டும் தனியாகத் தொங்கியது. வேலாயுதம் இன்று இறங்கப்போவதில்லை, அவருக்கு இது தேவையில்லை. எடுத்து வலது பக்கம் மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் மாட்டினேன். இப்போது நாலு பேர். மாட்டியதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் ஏறி வருவதற்குள் திரும்ப மாற்றிவிடலாம், ஐந்து நிமிஷம் கண்ணை மூடிவிட்டு வரலாம் என்று கீழே கட்டிலுக்குப் போனேன். மாத்திரை என்னை அப்படியே அமுக்கிவிட்டது.

கண் விழித்தபோது படகு ஒரே பக்கமாய் இழுத்து இழுத்து ஆடியது. வட்ட ஜன்னலில் வெயில் மஞ்சளாக இருந்தது. தட்டுத்தடுமாறி மேலே வந்தேன். லெஸ்லியும் ரோசலினும் தலை துவட்டிக்கொண்டு, மைலோ கோப்பைகளோடு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாலன் நின்றபடி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் எங்க?" என்றேன்.

"வந்துடுவாங்கக்கா. கீழ கரெண்ட் திடீர்னு மாறிடுச்சு, அண்ணாமலை அண்ணன் கண்ல படல. வேலாயுதம் அண்ணன்கூட இருக்காங்க" என்றாள் ரோசலின்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"யார்கூட?"

லெஸ்லி பலகையைக் காட்டினார். "நாங்க ஒரு நிமிசம் தேடிட்டு மேல வந்தோம். அண்ணன் இல்லன்னதும் எனக்கு பக்குன்னு ஆச்சு. இறங்கலாம்னு டேங்க மாத்தப் போனேன். அப்பத்தான் போர்ட பார்த்தேன். நாலாம் நம்பரும் தண்ணில இருக்கு. காமிராவ சரி பண்ணிட்டு வேலாயுதம் இறங்கிட்டார்போல. அவர் கட்டில்லயும் ஆள் இல்ல. அண்ணன் எப்பவும்போல அவர்கிட்ட போயிட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் கயித்துக்கிட்டதான் இருப்பாங்க, அங்க ஆழம் இல்ல, காத்து ரொம்ப நேரம் வரும்."

பலகையில் இரண்டும் நாலும் அருகருகே தொங்கிக்கொண்டிருந்தன. வேலாயுதம் சம்பானில் இருக்கிறார். அவரோடு யாரும் இல்லை. என் கணவரோடு யாருமே இல்லை. அவருக்குத் துணையாக நான் மாட்டிய வில்லையைப் பார்த்துத்தான் இவர்கள் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாரும் பார்க்காதபோது நாலாம் நம்பரை எடுத்து இடது பக்கம் மாட்டிவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது என் மானத்தைப் பற்றி யோசித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையே பொய்.

"வேலாயுதம் தண்ணில இல்ல. பாக் டின்கூட சம்பான்ல போயிருக்காரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

பாலன் சிகரெட்டைக் கீழே போட்டார். "அப்ப அந்த டேக்க யாரு மாட்டுனது?"

"நான்தான். மூணு பேராப் போகக்கூடாதுன்னு."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. லெஸ்லியின் முகத்தில் ரத்தம் வற்றியதை மட்டும் பார்த்தேன்.

"நாங்க ஏறி எவ்ளோ நேரமாச்சு?" என்று தங்கையிடம் கேட்டார்.

"இருபத்தஞ்சு நிமிசம்."

லெஸ்லி கண்ணை மூடித் திறந்தார். அவர் வாய்விட்டுக் கணக்குப் போட்டது எனக்கும் கேட்டது. டேங்கில் காற்று இந்நேரம் தீர்ந்திருக்கும். நல்லபடி இருந்தால் அண்ணன் மேலே மிதக்கிறார். மிதந்தால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், அதுதான் தெரியாது. நல்லபடி இல்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

பாலன் ஒரு காலி எண்ணெய் டின்னை மூடி இறுக்கித் தண்ணீரில் போட்டார். மஞ்சள் டின். "இது போற வழிதான் அவரும் போயிருப்பாரு" என்றார். நாங்கள் நால்வரும் அந்த டின்னைப் பார்த்தோம். தள்ளிவிட்டதுபோல் அது விலகியது. இரண்டு நிமிஷத்தில் கையகலமாய்ச் சின்னதாகிவிட்டது. போன திசை தென்கிழக்கு. அங்கே அடிவானத்தில் எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"கப்பல் போற லைன்" என்றார் பாலன், தனக்குத்தானே.

நங்கூரம் பாறையில் சிக்கியிருந்தது. அதை எடுக்க அவர் முயலவில்லை. பாராங் கத்தியை எடுத்துக் கயிற்றை நாலே வெட்டில் அறுத்தார். எஞ்சின் உறுமியது. தீவின் முனையைத் தாண்டும்போது சம்பான் தெரிந்தது. அதில் வேலாயுதம் எழுந்து நின்று, எங்களை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் என்பதுபோல் இரண்டு கைகளையும் ஆட்டினார். கடலுக்கடியில் என் கணவரோடு இருக்க வேண்டிய மனிதர் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் காமிராவோடு நிற்கிறார். ரோசலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேல ஏறுங்க அண்ணி. கண்ணு எவ்ளோ இருக்கோ அவ்ளோ நல்லது" என்றார் லெஸ்லி.

படகோட்டும் அறையின் கூரையில் நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அங்கிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடல் அவ்வளவு பெரிது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் தலையாகத் தெரிந்தது. அதோ என்று நான் கத்தியது ஒரு தேங்காய். அடுத்தது ஒரு பிளாஸ்டிக் புட்டி. அடுத்தது ஒன்றுமே இல்லை, அலையின் நிழல். ஒவ்வொரு தடவையும் பாலன் படகைத் திருப்பினார், ஒவ்வொரு தடவையும் நேரம் போயிற்று. அதற்கப்புறம் கத்தவும் எனக்குப் பயமாகிவிட்டது. நான் சொல்வது தப்பாக இருந்தால்? நான் சொல்லாமல் விட்டது அவராக இருந்தால்?

ரேடியோவில் பாலன் பேசுவது கேட்டது. மரைன் போலீஸ் படகு லுமூட்டிலிருந்து வரவேண்டும், மூன்று மணி நேரமாகுமாம். மணி ஐந்தரை. ஏழரைக்கு இருட்டிவிடும்.

சாமியைக் கூப்பிட நினைத்தேன். மலைக்கோவிலுக்குக் காவடி எடுக்கிறேன் என்று வாய்வரை வந்தது. அதையும் விழுங்கினேன். வேண்டிக்கொள்ளவே எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு நல்லது என்று நான் எதைச் செய்தாலும் அது அவரைத்தான் போய் அடிக்கும் என்று தோன்றிவிட்டது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை. கடலைப் பார்த்து அல்ல, என் கையைப் பார்த்துப் பயந்தேன்.

தெற்கிலிருந்து மழை வந்தது. திரை இழுத்ததுபோல் கப்பல்களை மறைத்தது, அப்புறம் எங்களை மறைத்தது. கால் மணி நேரம் படகின் மூக்குகூடத் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு லெஸ்லி விசில் ஊதினார். ஊதிவிட்டுக் காது கொடுப்பார். மழை கடலில் விழும் இரைச்சல் மட்டும். மறுபடி ஊதுவார். அந்த மழைக்குள் எங்கிருந்தோ ஒரு கப்பலின் சங்கு ஆழமாக, மிகப் பக்கத்தில் ஒலித்தது. மழை விலகியபோது அது எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நாலு மாடி ஃபிளாட் வீடு நகர்ந்து போவதுபோல். அதன் பின்னால் வெள்ளையாக நுரை பிளந்து கிடந்தது. அந்த நுரைக்குள் ஒரு மனிதர் இருந்தால் என்ன ஆவார் என்று நான் கேட்கவில்லை. லெஸ்லியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஆறு ஐம்பதுக்கு ரோசலின்தான் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கையை நேராக நீட்டினாள், இமைக்காமல் நீட்டியபடியே இருந்தாள். அந்தக் கை காட்டிய திசையில் பாலன் படகை விட்டார். தண்ணீருக்கு மேல் நீலமாக ஏதோ ஒன்று எழும்பியது, விழுந்தது, எழும்பியது. காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு. அதைக் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனபோது ஆட்டுவது நின்றுவிட்டது. கைக்கு அதற்குமேல் பலமில்லை.

லெஸ்லி குதித்து அவரைப் பிடித்தார். ஏற்றிக் கிடத்தினார்கள். உதடு வெளுத்து, விரல்கள் ஊறி, பல் கிட்டிப்போய்க் கிடந்தார். ரோசலின் உடுப்பைக் கத்தரித்து எடுத்து, போர்வை சுற்றி, சுடுதண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் ஐஸாக இருந்தது. ஆனால் கால் இருந்தது, அதில் அவர் இருந்தார். எனக்கு அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாலன், சம்பானில் இருந்தவர்களை ஏற்றப் படகைத் தீவுப் பக்கம் திருப்பினார். இவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"மொதல்ல பயமே இல்ல. மேல வந்தேன், படகு தெரிஞ்சுது. கரெண்ட எதிர்த்து நீந்த முடியல, சரின்னு மெதந்தேன். லெஸ்லி ஏறுறது தெரிஞ்சுது. போர்ட பார்ப்பான், நான் தனியா இருக்கேன்னு தெரியும், வந்துடுவான். அஞ்சு நிமிசம்னு வச்சேன். பத்து ஆச்சு. விசில் ஊதுனேன். காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது. அலை தூக்குறப்பெல்லாம் பார்த்தேன். நீங்க உட்கார்ந்து என்னவோ குடிச்சிட்டு இருந்தீங்க."

ரோசலின் நீட்டிய கோப்பையில் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. என்னை யாருமே தேடல. நான் இறங்கினதே இவங்களுக்கு ஞாபகம் இல்லையோன்னு தோணிச்சு. ஒரு கட்டத்துல நான் ஏற்கனவே செத்துட்டேன், அதான் இப்டி சாதாரணமா உட்கார்ந்திருக்காங்கன்னு நெனச்சேன்." லெஸ்லியைப் பார்த்தார். "ஏன் லெஸ்லி? ஏன் வரல?"

லெஸ்லி தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புண்ணே. நான் சரியா எண்ணல."

பாலன் கடலைப் பார்த்தார். ரோசலின் கோப்பையைப் பார்த்தாள். அவர்கள் மூன்று பேரும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள் என்று அப்போது புரிந்தது. கிள்ளான் போய் இறங்கினதும் இவர் லெஸ்லியோடு பேசுவதை நிறுத்துவார், கடைக்கு வருபவரிடமெல்லாம் லெஸ்லியை நம்பாதே என்பார், ஊரில் ஒருத்தர்கூட அந்த மனிதரோடு கடலுக்குள் இறங்கமாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்னும் பயமாகத்தான் இருந்தது, மாலையில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

"லெஸ்லி தப்பில்லைங்க" என்றேன். "நான்தான். நீங்க மூணு பேராப் போனீங்கன்னு, வேலாயுதம் டேக்க எடுத்து தண்ணிப் பக்கம் மாட்டுனேன். நீங்க அவர்கூட இருக்கீங்கன்னு நெனச்சுட்டாங்க. நான் தூங்கிட்டேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்காகவா மாட்டுன?"

"உங்களுக்காகத்தான்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில் அது புதிதல்ல. அப்புறம் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் காப்பிக்குச் சர்க்கரை பற்றவில்லை என்று ஆரம்பிப்போம். அவர் கத்தவில்லை. போர்வை தோளிலிருந்து நழுவியது. அதை எடுத்து மூடிவிடக் கையை நீட்டினேன். அவர் பின்னுக்கு நகர்ந்தார். கோபத்தில் நகரவில்லை. கொதிக்கும் பாத்திரத்தை யாராவது பக்கத்தில் கொண்டுவந்தால் எப்படி நகர்வோமோ, அப்படி நகர்ந்தார்.

"கோமதி" என்றார். பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "இனிமே எனக்காக ஒண்ணும் செய்யாத."

ரோசலின் வந்து போர்வையை எடுத்து அவர் தோளில் போட்டாள். அவளை அவர் தடுக்கவில்லை. நான் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.